ராதாகிருஷ்ணனின் அரசியல் ஆண்டுகளையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆசிரியர் தினத்தையொட்டித் தங்கள் இதழில் வெளியான டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அவர் திருத்தணியில் பிறந்ததையும், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் பயின்றதையும், மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்களில் கற்பித்ததையும் பற்றோடு விவரித்த கட்டுரையாளர், 1949 முதல் 1967 வரையிலான ஆண்டுகளை மட்டும் ஒரே பத்தியில், பதவிகளின் பெயர்களை வரிசைப்படுத்தி முடித்துவிட்டார். செப்டம்பர் 5 வரும்போதெல்லாம் நம் இதழ்கள் பெரும்பாலும் இதையே செய்கின்றன. அவரை நல்லாசிரியராகப் போற்றுவதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் நாட்டின் மிக உயர்ந்த பதவியில் இருந்த ஒருவர் அங்கே என்ன சொன்னார், எதற்கு ஒப்புதல் அளித்தார், எந்த இடத்தில் மறுத்து நின்றார் என்பதையெல்லாம் பேசாமல் விடுவது அவருக்கும் வாசகர்களுக்கும் செய்கின்ற அநீதி என்றே கருதுகிறேன்.

அவர் அரசியலுக்கு வந்த வழியே மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டது. சிறை சென்றவர் அல்லர். எந்தக் கட்சியின் மேடையிலும் வளர்ந்தவர் அல்லர். மக்களிடம் நேரடியாக வாக்குக் கேட்டு நின்றதும் இல்லை. 1931-இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ‘சர்’ பட்டம் வழங்கியது. அதே ஆண்டில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தை நிறுவிய மதன் மோகன் மாளவியாவின் அழைப்பை ஏற்று 1939-இல் அதன் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். 1942-இல் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் மாணவர்கள் கிளர்ந்தெழ, அரசின் கடும் நடவடிக்கைகளுக்கு இலக்கான அந்த வளாகத்தைக் காப்பாற்றும் சுமை அவர்மேல் விழுந்தது. அரசியல் அவருக்கு அறிமுகமானது, பின்னாளில் தூதராகச் சென்ற மாஸ்கோவில் அல்ல, துணைவேந்தரின் அறையில்தான் என்பது என் எண்ணம்.

1947 ஆகஸ்டு 14 நள்ளிரவு என்றால் நேருவின் உரைதான் அனைவருக்கும் நினைவுக்கு வரும். அதே இரவில், அதே அரசியல் நிர்ணய சபையில் ராதாகிருஷ்ணனும் பேசினார். விடுதலையைக் கொண்டாட வந்திருந்தவர்களிடம், உயர்ந்த இடங்களில் உள்ள ஊழலை அழித்து, உறவினருக்குச் சலுகை காட்டுவது, அதிகார ஆசை, கொள்ளை லாபம், கள்ளச்சந்தை ஆகியவற்றை வேரோடு களையாவிட்டால் நிர்வாகத்தின் தரத்தை உயர்த்த முடியாது என்று அவர் எச்சரித்தார். ஆட்சி கைக்கு வந்துகொண்டிருந்த அந்த வேளையிலேயே, அதைப் பெறப்போகிறவர்களின் முகத்துக்கு நேரே இதைச் சொல்வதற்குத் தனித் துணிவு வேண்டும்.

1949-இல் அவர் சோவியத் நாட்டுக்கான தூதராக நியமிக்கப்பட்டபோது, தத்துவப் பேராசிரியருக்கு அங்கே என்ன வேலை என்று ஐயுற்றவர்கள் உண்டு. அவருக்கு முன் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட்டுக்கு ஸ்டாலினைச் சந்திக்கும் வாய்ப்பே கிட்டவில்லை. ராதாகிருஷ்ணனுக்கோ 1950 ஜனவரியிலேயே கிட்டியது. பெரும் போரில் வென்ற பிறகு வன்முறையைத் துறந்த அசோகரின் கதையை அவர் ஸ்டாலினிடம் எடுத்துச் சொன்னார் என்பார்கள். அந்தக் கதையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கம்யூனிசத்தோடு தத்துவ அளவில் உடன்படாத ஒருவர், சமயம் சார்ந்த சிந்தனையாளர் என்ற தம் அடையாளத்தை மறைக்காமலே, இரு நாடுகளுக்கிடையே இருந்த குளிர்ந்த உறவை இளகச் செய்தார். ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் பொறுப்பையும் 1952 வரை அவர் விட்டுவிடவில்லை. 1952 முதல் பத்தாண்டுகள் குடியரசுத் துணைத் தலைவராக மாநிலங்களவையை அவர் நடத்திய முறை, கூட்டங்களைக் குடும்பச் சந்திப்புகள்போல் ஆக்கிவிட்டது என்று நேருவே பாராட்டியிருக்கிறார்.

குடியரசுத் தலைவராக 1962 மே 13 முதல் 1967 மே 13 வரை அவர் இருந்த ஐந்தாண்டுகளைத்தான் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்தக் காலத்தில் நாடு இரண்டு போர்களைக் கண்டது; நேரு, சாஸ்திரி என இரண்டு பிரதமர்களைப் பதவியில் இருக்கும்போதே இழந்தது; இருமுறையும் குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பிரதமராகப் பதவியேற்க, ஆட்சி தடையின்றித் தொடர்ந்தது. சீனப் போரின்போது, எளிதில் நம்பிவிட்டதும் கவனக்குறைவாக இருந்ததுமே நம் நிலைக்குக் காரணம் என்று தம் நண்பர் நேருவின் அரசையே அவர் குறை கூறினார்.

ஆனால் அதே போரையொட்டி 1962 அக்டோபர் 26 அன்று பிறப்பிக்கப்பட்ட நெருக்கடி நிலை, ஒரு மாதத்துக்குள் சண்டை ஓய்ந்த பிறகும் நீடித்தது. அவர் பதவியிலிருந்து விலகிய நாளிலும் அது நடைமுறையில்தான் இருந்தது. உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான உரிமையைக் கேட்டு நீதிமன்றத்தை நாட முடியாதபடி, அரசியலமைப்பின் 359-ஆவது பிரிவின் கீழ் வெளியான ஆணை அவர் பெயரில் பிறந்தது. இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் பலர். அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பதே குடியரசுத் தலைவரின் கடமை என்று இதற்கு விடை சொல்லலாம். அந்த விடையில் நியாயமும் உண்டு. என்றாலும், மனித ஆன்மாவின் சுதந்திரத்தைத் தம் நூல்களிலெல்லாம் வலியுறுத்தியவரின் வாழ்க்கையை எழுதும்போது இந்தக் கேள்வியைத் தவிர்ப்பது நேர்மையாகாது. அவரை மிகவும் மதிப்பவர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

அமைச்சரவை சொன்னதற்கெல்லாம் அவர் தலையசைத்துவிடவும் இல்லை. இதற்கான சான்று நம் மாநிலத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. தமிழ் இதழ்கள் அதைச் சொல்லாமல் விடுவதுதான் எனக்குப் பெரும் வருத்தம். 1965-இல் இந்தித் திணிப்புக்கு எதிரான போராட்டம் உயிர்ப்பலிகளோடு உச்சத்தில் இருந்தபோது, மத்திய அமைச்சர்களான சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பிப்ரவரி 11 அன்று பதவி விலகல் கடிதங்களைக் கொடுத்தனர். அவற்றை ஏற்குமாறு பிரதமர் சாஸ்திரி பரிந்துரைத்தபோது, ராதாகிருஷ்ணன் ஏற்கவில்லை. பிரதமரை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். அன்றிரவு வானொலியில் பேசிய சாஸ்திரி, ஆங்கிலம் தொடர்வது குறித்து நேரு அளித்த உறுதிமொழி காப்பாற்றப்படும் என்று அறிவித்தார். மாணவர்களின் தியாகமும் மக்களின் எழுச்சியும்தான் அந்த அறிவிப்பை வரவழைத்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் பிளவு மேலும் விரியாமல் தடுத்ததில் குடியரசுத் தலைவருக்கும் பங்கு இருந்தது.

பதவிக்காலம் முடிய நான்கு மாதங்கள்கூட இல்லாத நிலையில், 1967 ஜனவரி 25 அன்று அவர் ஆற்றிய குடியரசு தின வானொலி உரையையும் இங்கே குறிப்பிட வேண்டும். பொதுத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. வறட்சியும் விலைவாசியும் மக்களை வாட்டின. எங்கும் பரவியிருந்த திறமையின்மையையும் நாட்டின் வளங்கள் தவறாக நிர்வகிக்கப்பட்டதையும் மன்னிக்க முடியாது என்று அவர் நாடறியச் சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு முன் நள்ளிரவில் விடுத்த எச்சரிக்கையை, ஆட்சியின் உச்சியில் இருந்துகொண்டு அவரே மீண்டும் சொல்ல நேர்ந்தது. தேர்தலில் நின்று வளர்ந்த அரசியல்வாதியாக இருந்திருந்தால் அந்த உரையை அவர் ஆற்றியிருப்பாரா என்பது ஐயமே. மக்களிடம் வாக்குக் கேட்காதது அவருடைய குறை என்று சொல்வோர், அந்தக் குறையே அவருக்கு அளித்த சுதந்திரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த செப்டம்பர் இதழில் அவருடைய கல்விப் பணி பற்றிய கட்டுரையோடு, 1947 ஆகஸ்டு 14 உரையையும் 1967 ஜனவரி 25 உரையையும் நல்ல தமிழில் முழுமையாக மொழிபெயர்த்து அருகருகே வெளியிடுங்கள். இயலுமானால், நெருக்கடி நிலை தொடர்ந்த ஆண்டுகளில் குடியரசுத் தலைவரின் பொறுப்பு எதுவரை செல்லும் என்பது பற்றி அரசியலமைப்புச் சட்டம் அறிந்த ஒருவரிடம் தனிக் கட்டுரையும் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் வாசகர் ஒருவர்