மாமாவுக்கு: ஜாயிண்ட் போட்ட நரம்பு ஏன் உடனே வேலை செய்யவில்லை

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு நான் ஏதோ மழுப்பிவிட்டு வைத்துவிட்டேன். "முப்பது வருஷமா ஒயர் ஜாயிண்ட் போடுறேன். ஜாயிண்ட் சரியா இருந்தா சுவிட்சைப் போட்டதும் லைட் எரியணும். நரம்பைத் தைச்சு மூணு மாசமாச்சு, சுண்டு விரல் மரக்கட்டையாக் கெடக்கு. அப்ப ஜாயிண்ட்ல தப்பா?" என்றீர்கள். பிசியோதெரபி வரிசையில் பக்கத்தில் உட்காருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்களாம், அத்தை சொன்னார். அதனால் உங்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

ஜாயிண்டில் தப்பில்லை. ஆனால் டாக்டர் தைத்தது ஒயரை அல்ல, ஒயர் ஓடுகிற பைப்பை. உள்ளே இருக்கும் நரம்பிழைக்கு உயிர் கொடுக்கும் செல் கழுத்துப் பக்கம், தண்டுவடத்திலும் அதை ஒட்டியும் இருக்கிறது. முழங்கை அருகே கண்ணாடி அறுத்ததும் அதற்குக் கீழே இருந்த இழை முழுக்க அநாதையாகிவிட்டது. எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் அது சில நாட்களில் சிதைந்துபோகும். 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளை நாக்குக்குப் போகும் நரம்புகளை வெட்டிப் பார்த்து இதைக் கண்டுசொன்னார். இனி மேலிருந்து புது இழை வளர்ந்து அந்தப் பைப்புக்குள் இறங்கி வர வேண்டும். வேகம், நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசைகளுக்கு 25, 30 சென்டிமீட்டர் இருக்கும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், வெறும் பைப்பாக இருந்தால் அந்த இழை வந்தே சேராது. இங்கேதான் உங்கள் தொழிலில் இல்லாத ஒரு விஷயம் வருகிறது: இந்த ஒயரின் இன்சுலேஷனுக்கு உயிர் உண்டு.

நரம்பிழையைச் சுற்றி ஷ்வான் செல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கிளியா என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. கிளியா என்றால் கிரேக்க மொழியில் பசை. வெறும் ஒட்டுப்பசை என்று நினைத்து 19ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர், பாவம், அப்படியே நிலைத்துவிட்டது. ஒவ்வொரு ஷ்வான் செல்லும் தன் பங்குக்கு ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ உள்ள நீளத்தில், மயலின் என்ற கொழுப்புறையைச் சுருட்டிச் சுருட்டிச் சுற்றி வைத்திருக்கும். இழை அறுந்ததும் இந்தச் செல் சாவதில்லை, வேலையை மாற்றிக்கொள்கிறது. தான் சுற்றிய உறையைத் தானே உடைத்துத் தின்கிறது. மிச்சக் குப்பையை அள்ள ரத்தத்திலிருந்து ஆட்களைக் கூப்பிடுகிறது. பிறகு மெலிந்து, பல மடங்கு நீண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து பைப்புக்குள் தடம் போடுகிறது. வரப்போகும் இழைக்கு ஊட்டமான புரதங்களையும் சுரந்து வைக்கிறது.

எலக்ட்ரீஷியனாக இருந்தவர் ஒரே ராத்திரியில் துப்புரவுப் பணியாளராகவும் சாலை போடுகிறவராகவும் மாறுவது எப்படி? செல்லுக்குள் புதிதாக எதுவும் வந்து சேரவில்லை. அதே மரபணுக்கள்தான், எது ஓட வேண்டும் எது நிற்க வேண்டும் என்பதுதான் மாறுகிறது. கரண்ட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மாட்டுவீர்களே, அப்படித்தான். க்ராக்ஸ்-20 என்ற புரதம் ஓடினால் உறை சுற்றும் மரபணுக்கள் இயங்கும். சி-ஜுன் என்ற புரதம் ஓடினால் பழுதுபார்க்கும் மரபணுக்கள் இயங்கும். ஒன்று ஏறினால் மற்றதை அமுக்கிவிடும். காயம் பட்டால் க்ராக்ஸ்-20 இறங்கி சி-ஜுன் ஏறுகிறது. சும்மா இருக்கும் காலத்தில் பழுதுபார்க்கும் மரபணுக்கள் சிலவற்றின் மேல் பூட்டு மாதிரி ஒரு வேதிக் குறி வேறு இருக்கும். காயத்துக்குப் பிறகு அதுவும் கழல்கிறது.

இந்தச் செல் குழந்தைப் பருவத்துக்குத் திரும்புகிறது என்று முன்பு எழுதுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கருவில் வளரும்போது ஒருநாளும் போடாத சில மரபணுக்களையும் இப்போது போடுகிறது. இது காயத்துக்கென்றே உள்ள தனி வேலை.

2012இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஜெசன், மிர்ஸ்கி இருவரின் குழு எலிகளில் ஷ்வான் செல்லின் சி-ஜுனை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தது. நரம்பு செல்களின் மரபணுக்களில் கை வைக்கவில்லை. ஆனாலும் நரம்பு சரியாக வளரவில்லை, உணர்வு நரம்பு செல்கள் பல செத்தே போயின. இந்த ஆராய்ச்சியைப் படித்த பிறகுதான் 'பசை' என்ற பெயர் மேல் எனக்கு எரிச்சலே வந்தது.

மூளையிலும் தண்டுவடத்திலும் உறை சுற்றுவது வேறொரு வகைச் செல். அதற்கு இந்த மாற்றம் வராது. தண்டுவடம் அறுந்தால் மீளாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். சி-ஜுன் காலத்துக்கும் ஏறியே இருக்காது. வாரக்கணக்கில் இழை வராவிட்டால் தளர்ந்து இறங்கும். வயதான எலிகளில் முதலிலேயே குறைவாகத்தான் ஏறுகிறது. கண்ணாடி அறுத்த அன்று "ரெண்டு நாள் கழிச்சுப் போறேன்" என்ற உங்களை அத்தை ஆட்டோவில் ஏற்றினாரே, அதற்கு அவருக்கு நன்றி சொல்லுங்கள். தள்ளிப்போட்டிருந்தால் தடம் போடுகிறவர்கள் காத்திருந்து களைத்திருப்பார்கள். 2021இல் அதே லண்டன் குழு, வயதான எலிகளிலும் நாட்பட்ட காயங்களிலும் சி-ஜுனை மரபணு வழியாக உயர்த்திக் காட்டியது, நரம்பு நன்றாக வளர்ந்தது. ஆனால் அது எலியில். ஊசியாகப் போட்டுக்கொள்ள இன்னும் எதுவும் வரவில்லை, யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இழை வந்து தொட்டதும் சுவிட்ச் திரும்ப மறுபக்கம் விழும். சி-ஜுன் இறங்கி, க்ராக்ஸ்-20 ஏறி, செல் மறுபடி உறை சுற்றும். புது உறை பழையதைவிடக் குட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கும். அதனால் விரல் பழைய மாதிரி அப்படியே ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன்.

டாக்டர் உங்கள் முன்கையில் விரலால் தட்டித் தட்டிப் பார்க்கிறார், விளையாடுகிறாரா என்றீர்களே? அது அவருடைய டெஸ்டர். புது இழையின் முனை எங்கே இருக்கிறதோ அங்கே தட்டினால் சுண்டு விரல் பக்கம் சுரீர் என்கும். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களைப் பார்த்து 1915இல் பிரான்சில் டினெலும் ஜெர்மனியில் ஹாஃப்மனும் தனித்தனியாக எழுதியது.

விரலில் உணர்வு வரும்வரை அந்தக் கையால் சோல்டரிங் அயர்ன் பக்கம் போகாதீர்கள், சுட்டாலும் தெரியாது. அடுத்த முறை டாக்டர் தட்டும்போது சுரீர் என்ற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லி, தையலிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அத்தையை டேப்பில் அளக்கச் சொல்லுங்கள். அளவை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்