பின்வடம் பிடிக்கவாவது வா

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் அப்பத்தாவும் நலம். போனில் பேசினால் நீ அழுகிறாய், நானும் அழுகிறேன், மாப்பிள்ளை நடுவில் வாங்கி "அப்புறம் பேசலாம் அத்தை" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

"எதுக்கும்மா இன்னும் கோயிலுக்குப் போற? நமக்கு அவர் என்ன செஞ்சுட்டார்?" என்று அன்றைக்குக் கேட்டாய். அதிலும் நம்மூர்ச் சாமிக்குக் குழந்தை வேலப்பர் என்று பேர். அந்தப் பேரைச் சொல்லவே வாய் வரவில்லை என்றாய். ஏழு மாதம் சுமந்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவளுக்கு எப்படி வரும்? வந்திருந்தால்தான் எனக்குப் பயமாக இருந்திருக்கும்.

ஏன் இப்படி ஆனது என்று எனக்குத் தெரியாது. எல்லா ரிப்போர்ட்டையும் பார்த்த டாக்டரம்மாவே காரணம் சொல்ல முடியவில்லை என்றாரே. உன் சின்ன மாமியார் மட்டும் காரணம் கண்டுபிடித்துவிட்டார், போன ஜென்மத்துப் பாவம் என்று. கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. சாமியின் கணக்கை இவர் எப்போது எட்டிப் பார்த்தாராம்? அப்படிப் பேசுகிறவர்களிடம் வாயைக் கொடுக்காதே. காபியைக் கொடுத்து அனுப்பிவிடு.

பாவம் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு அப்பர் ஞாபகம் வந்துவிடும். சூலை நோய் வந்து குடலைப் பிடித்து முறுக்க, எந்த வைத்தியமும் கேட்காமல் திருவதிகைக் கோயிலில் வந்து நின்று அவர் பாடிய முதல் பதிகம் எப்படி ஆரம்பிக்கிறது? "கூற்றாயினவாறு விலக்ககிலீர்." எமன் மாதிரி வந்து நிற்கிற நோயை விலக்க மாட்டேன் என்கிறீரே என்று. கூடவே, நான் செய்த கொடுமை என்னவென்று எனக்கே தெரியவில்லை என்கிறார். நாலாம் திருமுறையின் முதல் பாட்டே இதுதான். இன்றைக்கும் ஓதுவார்கள் கைகூப்பிப் பாடுகிறார்கள். நீ போனில் என்னிடம் கத்தியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அவருடையது ராகத்தோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் என் மனசில் நிற்கிறவர் அவருடைய அக்கா திலகவதியார். அப்பா நோயில் போனார், பின்னாலேயே அம்மாவும் போனார். கட்டிக்கொள்ள இருந்த கலிப்பகையார் படைக்குப் போனவர் திரும்பவே இல்லை. தானும் போய்விடலாம் என்று நினைத்தவரைத் தம்பி அழுது தடுத்தார். அந்தத் தம்பியும் பிறகு வேறு சமயத்துக்குப் போய்விட்டார். மிஞ்சியது யார்? யாருமில்லை. இத்தனையும் ஏன் என்று பெரிய புராணத்தில் யாரும் அவருக்கு விளக்கம் சொல்லவில்லை. திருவதிகையில் போய் விடியும் முன் எழுந்து கோயிலைப் பெருக்கினார், சாணம் போட்டு மெழுகினார், பூ பறித்து மாலை கட்டினார். தம்பிக்காக அந்தச் சாமியிடமே முறையிட்டார். கடைசியில் தம்பி வலியோடு வந்து விழுந்ததும் அந்த அக்காவின் காலில்தான். திருநீறு கொடுத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போனது அவர். அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தால் தம்பி எங்கே வந்திருப்பார் என்று நான் பெருக்கும்போதெல்லாம் நினைப்பேன்.

நம் வீட்டில் 2018 நவம்பர் உனக்கு ஞாபகம் இருக்கும். கஜா புயல், கடலோரத்துச் சமாச்சாரம் என்று இருந்தோம். மலையில் மரம் சாய்ந்து ரோடு அடைத்தது, கரண்ட் போனது. மழை விட்டு நான் போய்ப் பூண்டுச் செடியை இழுத்துப் பார்த்தேன், தாள் மட்டும் கையோடு வந்தது, பூண்டு மண்ணுக்குள்ளேயே கூழாகிக் கிடந்தது. அடுத்த வருஷம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று ஊரே பேசியது. நம் வீட்டில் விதைப்பூண்டே கடனுக்கு வாங்கியதுதான். அப்பா பல மாதம் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அப்பத்தாவோ, "அடேய் முருகா, கண்ணவிஞ்சு போச்சாடா உனக்கு" என்று வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே தினமும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார். ஒரு நாள்கூட விடவில்லை, திட்டையும் சரி, விளக்கையும் சரி.

பூண்டும் பிள்ளையும் ஒன்றாம்மா என்பாய். ஒன்றில்லை. இது எனக்குத் தெரியாதா? அப்பத்தா முருகனோடு பேச்சை முறிக்கவே இல்லை என்பதற்காகச் சொன்னேன். நான் சாயங்காலம் உட்கார்ந்து பாடுகிறேன் என்றால் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்தேனே, அதை வேறு யாரிடம் கொண்டுபோய் வைப்பேன்? பாதிப் பாட்டில் தொண்டை அடைக்கிறது. நிறுத்திவிட்டு, அப்புறம் விட்ட இடத்திலிருந்து பாடுகிறேன். அவருக்கு அது போதாதென்றால் அவரே வந்து சொல்லட்டும்.

தைப்பூசம் முடிந்து தேர். நம்மூர்த் தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரிவில் இறங்கும்போது பின்வடத்துக்காரர்கள் குதிகாலை ஊன்றிப் பின்பக்கம் சாய்ந்து இழுத்துப் பிடிப்பார்களே, முன்னால் போகிறவர்கள் மாதிரி அரோகரா போட அவர்களுக்கு மூச்சு இருக்காது. அவர்களும் தேர் இழுத்தவர்கள்தான். நீ வந்து சாமியைக் கும்பிடக்கூட வேண்டாம். பின்வடத்தில் கை வைத்து உன் பலம் கொண்ட மட்டும் எதிர்ப்பக்கம் இழு. டாக்டர் மலை ஏறலாம் என்று சொன்னால் மட்டும் வா. ஸ்வெட்டரை மறக்காதே, இங்கே இன்னும் குளிர் விடவில்லை.

இன்னொரு விஷயம். பிள்ளை கையில் இல்லையே என்று அங்கே பத்தியத்தை விட்டுவிடப் போகிறார்கள். உன் உடம்பு பிள்ளை பெற்ற உடம்பு. பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே, காதில் பஞ்சு வை. பூண்டும் கருப்பட்டியும் போட்டு லேகியம் கிளறித் தூக்குவாளியில் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி திங்கட்கிழமை திருப்பூர் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். காலையில் வெறும் வயிற்றில் ஒரு நெல்லிக்காய் அளவு சாப்பிடு. தூக்கைத் திருப்பி அனுப்பிவிடு, அது அப்பத்தாவுடையது.

அன்புடன்,
அம்மா
பூம்பாறை