பை மாட்டிவிட்டார்கள், சொல்லித் தரத்தான் ஆளில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டில் ஓடு மாற்றும்போது விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவன் என் தம்பி. நரம்பு செத்து சிறுநீர்ப்பை வேலை செய்யவில்லை, டியூப் மாற்றி மாற்றி கிட்னி வரை தொற்று ஏறிய பிறகு, சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்து வயிற்றில் சிறுநீர் வெளியேற வழி வைத்து வெளியே பை மாட்டிவிட்டார்கள். சரி, உயிர் பிழைத்தான் என்று வீட்டுக்கு வந்தால் அப்புறம்தான் கூத்து.

பை ஒட்டவே மாட்டேன் என்றது. ஒரு நாளைக்கு மூன்று தடவை ஒழுகி, சுற்றிலும் தோல் வெந்த மாதிரி ஆகிவிட்டது. புண் ஆறட்டும் என்று அம்மா தேங்காய் எண்ணெய் தடவ, பையைத் தோலோடு ஒட்டிப் பிடிக்கும் பிளேட் இன்னும் வழுக்கிக்கொண்டு வந்தது. மதுரையில் ஒரு நர்ஸம்மா பார்த்த மாத்திரத்தில் காரணத்தைச் சொன்னார். ஸ்டோமா, அதாவது வயிற்றில் வெளியே தெரியும் அந்தக் குடல் வாய், முதல் 6, 8 வாரங்களில் வீக்கம் வடிந்து சுருங்குமாம், நாங்களோ டிஸ்சார்ஜ் அன்று வெட்டிய அளவிலேயே பிளேட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தோம்! அளந்து பார்த்து அதைவிட 2, 3 மி.மீ. மட்டும் கூட வெட்ட வேண்டும். எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீரில் கழுவி ஈரம் போக ஒற்றி எடுத்தால் போதும். காலையில் காபி குடிக்கும் முன்பே பிளேட்டை மாற்றினால் அவ்வளவாக வழியாது. பை பாதி நிறைவதற்குள் காலி செய்துவிட வேண்டும், இல்லையென்றால் கனம் தாங்காமல் பிய்ந்துகொள்ளும். சளி மாதிரி வருவதைச் சீழ் என்று பயந்தோம், குடல் துண்டு அல்லவா, அப்படித்தான் வருமாம். ஆனால் காய்ச்சலோ விலா வலியோ வந்தாலும், ஸ்டோமா கறுத்தாலும் உடனே ஓட வேண்டும்.

ஒன்றுதான் இன்னும் மனது ஆறவில்லை. ஆபரேஷனுக்கு முன் அவனை வீல் சேரில் உட்கார வைத்து, வயிறு மடியாத, அவன் கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து ஸ்டோமாவுக்குக் குறித்திருக்க வேண்டும். படுக்க வைத்தே குறித்தார்கள். இப்போது உட்கார்ந்தால் மடிப்புக்குள் போய்விடுகிறது, பெல்ட் போட்டுச் சமாளிக்கிறோம்.

2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வயிற்று வழி டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதே கையோடு இந்தப் பையையும் பிளேட்டையும் தரலாமே. நம் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாள் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவரை உட்கார வைத்தால், பை வெட்டக் கற்றுக்கொள்ள நாங்கள் மதுரை பஸ் ஏற வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி