வெள்ளைக்கல் 100 கிராம்

அன்புள்ள தேன்மொழிக்கு,

இறுதியாண்டுக் கலைக் கண்காட்சிக்கு நீ எழுதிய கருத்துக் குறிப்பைப் படித்தேன். ‘மண்ணின் வலி’ என்ற தலைப்பை எந்த ஊர் மண்ணுக்கும் ஒட்டலாம், கண்ணு. நீ எடுத்திருப்பது நம் சேலத்து வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட். கல்லின் மேல் ஒரு கருத்தை ஏற்றாதே. அது தானே என்ன செய்கிறது என்று பார்.

மேக்னசைட்டைச் சுட்டால் கரியமில வாயு பிரிந்துவிடும். சுத்தமான கல் 100 கிராம் சுட்டால் சுமார் 48 கிராம்தான் மிஞ்சும். எஃகு உலைகளின் உட்சுவர்ச் செங்கல்லுக்கும் இந்தக் கல்லையே இன்னும் கடுமையாகச் சுடுகிறார்கள். மலையில் பாதிக்கு மேல் புகைபோக்கி வழியே போகிறது என்பதை இதைவிட எப்படிச் சொல்வாய்?

கட்டியாகச் சூளையில் வைக்காதே, வெடித்துச் சிதறும். முகக்கவசம் போட்டு இடித்து, மெல்லிய துணியில் சலி. பளபளக்கும் குவார்ட்ஸ் துண்டுகளைப் பொறுக்கி எறி. அவை எடை இழக்காது, கணக்கைக் கெடுக்கும். ஏற்கெனவே சுட்ட, மெருகு பூசாத மண்தட்டில் அரை விரல் கனத்துக்குப் பரப்பி, மின்சூளையில் 850 டிகிரியில் மூன்று மணி நேரம் வை. குவித்து வைத்தால் நடுவில் வேகாது. ஆறியதும் எடை போட்டு, மறுபடி ஒரு மணி நேரம் சுடு. எடை மாறாவிட்டால்தான் முடிந்தது. 52, 53 கிராமில் நின்றாலும் பயப்படாதே, அது கல்லில் உள்ள கலப்பு. லேசாகப் பழுப்பேறினால் இரும்பு இருக்கிறது. வெள்ளை அடித்து மறைக்காதே.

காட்சிக்கு இரட்டைத்தட்டுத் தராசு போதும். ஒரு தட்டில் சுடாத 100 கிராம், மறு தட்டில் அதே அளவைச் சுட்டு மிஞ்சியது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் போய்ப் பார். உங்கள் கல்லூரி முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959 முதல் அங்கே நிற்கிறது. பாறையை நெம்பும் நாலு பேரின் முதுகும் காலுமே எல்லாவற்றையும் சொல்கின்றன, விளக்கப் பலகை தேவைப்படவில்லை. உன் தராசும் அப்படி நிற்க வேண்டும்.

சுட்ட பொடி காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் மெல்ல இழுத்துக்கொள்ளும். அதனால் முதல் எடையைச் சுட்ட அன்றே எடுத்து, கண்காட்சி வரை இறுக மூடிய கண்ணாடிக் குடுவையில் வை. திறந்து தட்டில் கொட்டிய பின் மூடாதே. தினமும் காலையில் சுட்ட பொடி உள்ள தட்டை மட்டும் மின்தராசில் எடைபோட்டு, தேதியோடு சுவரில் பென்சிலால் எழுது. போனதில் கொஞ்சம் திரும்பி வருவதும் படைப்புக்குள்ளேயே வரட்டும்.

சுரங்கப் பக்கம் நீ போக வேண்டாம். இரண்டு கிலோ கல் பார்சலில் அனுப்புகிறேன். முதல் அரைக் கிலோவைச் சோதனைக்கு வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா