போலி வைரஸ் எச்சரிக்கை: பணம் இழக்காதவர்களின் புகாரையும் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
வீட்டுக் கணினிப் பயனாளர் ஒருவர்
(பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன)

பெறுநர்
உயர் அலுவலர் அவர்கள்,
இணையக் குற்றத் தடுப்புப் பிரிவு

பொருள்: ஸ்கேர்வேர் எனப்படும் போலி எச்சரிக்கை மோசடி – பண இழப்பு இல்லாத புகார்களையும் ஏற்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். கணினித் திரையில் போலி வைரஸ் எச்சரிக்கையைக் கண்டு, ஏமாறாமல் தப்பியவர்கள் தரும் தகவலையும் புகாராகப் பதிவு செய்ய ஆணையிட வேண்டுகிறேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

என் தந்தை செய்தித் தளம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது திரை முழுவதும் சிவப்பாக மாறி, அபாய ஒலி எழுந்தது. கணினியை அணைக்கக் கூடாது, உடனே கீழுள்ள எண்ணை அழைக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அவர் அழைக்கவில்லை. திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு உலாவியை மூடினோம். அந்தப் படத்துடன் புகார் அளிக்கச் சென்ற இடத்தில், எவ்வளவு பணம் போயிற்று என்று கேட்டார்கள். எதுவும் போகவில்லை என்றதும் பதிவு செய்ய இயலாது என்று அனுப்பிவிட்டார்கள். இணையவழிப் படிவத்திலோ, இழப்புத் தொகையைக் குறிப்பிடாமல் அடுத்த பக்கத்துக்கே செல்ல முடியவில்லை.

அந்த எண்ணை அழைப்பவரிடம், கணினியைச் சரிசெய்வதாகச் சொல்லி அதைத் தொலைவிலிருந்து இயக்கி, பணம் பறிக்கிறார்கள். இந்த மோசடியில் மிக விரைவில் மறைவது தடயம்தான். எச்சரிக்கை தோன்றும் இணைய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மோசடிக்காரர்கள் அடிக்கடி மாற்றிவிடுகிறார்கள். பணம் இழந்தவர் தாம் ஏமாந்ததை உணர்ந்து உங்களிடம் வருவதற்குள் அந்தப் பக்கம் இருப்பதில்லை. தொலைவிலிருந்து அவருடைய கணினியை இயக்கியவர்களே தடயங்களை அழித்திருக்கவும் கூடும். அழைக்காமல் படம் எடுத்து வைத்தவரிடமோ எண், முகவரி, நேரம் மூன்றும் அப்படியே இருக்கின்றன. அவரைத் திருப்பி அனுப்புவது, திருடனின் அடையாளம் சொல்ல வந்தவரிடம் உன் வீட்டில் என்ன திருட்டுப் போயிற்று என்று கேட்பது போன்றது.

நம்பகமான தளத்தைப் பார்ப்பவருக்கும் இது நேரலாம். 2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர நாளிதழான ஸ்டார் டிரிபியூனின் இணையதளத்தில், ஓட்டல் நிறுவனம் ஒன்றின் விளம்பரம் என்ற பெயரில் இத்தகைய போலி எச்சரிக்கை நுழைந்தது. நாளிதழ் ஊழியர்கள் சோதித்தபோது விளம்பரம் ஒழுங்காக இருந்தது. அதன் பிறகே மோசடிக்காரர்கள் விளம்பரத்தின் நிரலை மாற்றினார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் அந்நாட்டு அதிகாரிகள் இந்த வழக்கையும் வேறொரு கும்பலின் மீதான நடவடிக்கையையும் சேர்த்து அறிவித்தார்கள். அந்த இரண்டாவது கும்பலிடம் மட்டும் ஏறத்தாழ 9,60,000 பேர் ஏமாந்து, 7.2 கோடி டாலர் இழந்ததாக மதிப்பிடப்பட்டது. இத்தனை பேரில் வெட்கத்தால் வாய் திறக்காதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது.

எனவே படிவத்தில் இழப்புத் தொகையைக் கட்டாயமாகக் கேட்பதை நீக்கி, எச்சரிக்கை தோன்றிய திரையைப் பிடித்த படத்தை இணைக்க இடம் தர வேண்டும். வந்த எண்களைத் தொலைபேசி நிறுவனங்களுக்கும், முகவரிகளை உலாவி நிறுவனங்களுக்கும் விளம்பர வலையமைப்புகளுக்கும் அன்றே அனுப்ப ஒரு பொறுப்பு அலுவலர் வேண்டும். புகார் எண்ணும் தரப்பட வேண்டும். அது இல்லாவிட்டால் மக்கள் மறுமுறை வரமாட்டார்கள்.

அதே படிவத்தின் தொடக்கத்தில், பதற்றத்தில் இருப்பவருக்குப் புரியும்படி சில வரிகளும் இருக்கட்டும். இணையப் பக்கம் எதுவும் உங்கள் கணினியில் வைரஸ் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அது காட்டும் சோதனை வெறும் படம். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருப்பதே இல்லை. திரை பூட்டியதுபோல் நின்றால் எஸ்கேப் விசையை அழுத்திப் பிடிக்கலாம். அசையாவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் விசைகளைச் சேர்த்து அழுத்தி, இயங்கும் நிரல்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜர் வழியாக உலாவியை நிறுத்தலாம். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கக் கூடாது. மூலையில் எச்சரிக்கைகள் தொடர்ந்து வந்தால், உலாவியின் அறிவிப்பு அனுமதிகளில் அறிமுகமில்லாத தளங்களை நீக்க வேண்டும்.

ஏற்கெனவே அழைத்து, கணினியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டவருக்குத் தனிப் பத்தி தேவை. எல்லாக் கணினியிலும் வழக்கமாகப் பதிவாகும் சிறு பிழைகளைக் காட்டித்தான் அவர்கள் நம்பவைக்கிறார்கள் என்பதை அதில் சொல்லுங்கள். அவர் முட்டாள் அல்லர் என்று அவருக்குத் தெரிய வேண்டும். உடனே இணையத்தைத் துண்டித்து, அவர்கள் நிறுவிய மென்பொருளை நீக்கி, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தருவதாகப் பின்னர் வரும் அழைப்பும் பெரும்பாலும் அதே மோசடியின் தொடர்ச்சிதான்.

நாங்கள் எடுத்த படத்தின் நகலை இணைத்துள்ளேன். அதைப் புகாராகப் பதிவு செய்து, இந்த மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்