மறுபடியும் வார்டுக்கு வரப்போகிற தோழிக்கு

அன்புத் தோழி,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. இரண்டு தடவை படித்துவிட்டேன். அப்பா போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று எழுதியிருந்தாய். டாக்டர் வேலையை விட்டுவிட்டு ஆறு வருடம் அப்பாவின் கட்டிலைச் சுற்றியே உன் பொழுது ஓடியது, சும்மாவா? அதைப் பற்றி நேரில் பேசலாம், அடுத்த மாதம் வருகிறேன். கடிதத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, 'இனிமேல் என்னால் டாக்டர் வேலை பார்க்க முடியுமா?' என்று, அதற்குத்தான் இந்தப் பதில்.

முடியும். எட்டு வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்தவள் நான். 2011-ல் விட்டேன், 2019-ல் வந்தேன். முதல் மூன்று மாதம் எப்படிப் போனது என்று உன்னிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், உனக்குப் பயன்படும்.

திரும்புவதற்கு முன் ஆறு மாதம் விழுந்து விழுந்து படித்தேன். ஆன்லைன் வகுப்பு, சான்றிதழ் என்று ஒரு கோப்பே நிறைந்துவிட்டது. தயாராகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் நாள் ஓ.பி.யில் 45 வயதுக்காரர் ஒருவர். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்துக்கொண்டிருந்தார். ரிப்போர்ட்டில், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் 1.5. நாம் படித்த காலத்தில் ஆண்களுக்கு 1.5 வந்துவிட்டாலே மெட்ஃபார்மின் கூடாது, ஞாபகம் இருக்கிறதா? என் கை தானாகவே போய் மருந்துச் சீட்டில் அந்த மாத்திரையை அடித்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனியர் எதுவும் பேசாமல் ரிப்போர்ட்டின் அடுத்த வரியில் விரலை வைத்தார். இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்கிற கணக்கு, 58. "இதை வைத்து முடிவு பண்ணுங்கள்" என்றார். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-லேயே கிரியாட்டினின் கணக்கை விட்டுவிட்டு இ.ஜி.எஃப்.ஆர். கணக்குக்கு மாறிவிட்டது. 30-க்குக் கீழே போனால் அறவே கூடாது, 30-க்கும் 45-க்கும் நடுவில் இருந்தால் புதிதாகத் தொடங்க வேண்டாம், அவ்வளவுதான். இதை நான் படித்திருந்தேன். நோட்டில் எழுதிக்கூட வைத்திருந்தேன். ஆனால் நோயாளி எதிரே வந்து உட்கார்ந்ததும் பேனாவை ஓட்டியது 2011-ஆம் வருடத்து மூளை.

அதே வாரம் நெஞ்சுவலியோடு ஒருவர் வந்தார். பார்த்ததுமே ஆக்ஸிஜன் மாஸ்க்கை நோக்கிக் கையை நீட்டினேன். டியூட்டி நர்ஸ் என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். "மேடம், சாச்சுரேஷன் 97 இருக்கு" என்று என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, 90-ம் அதற்கு மேலும் இருக்கிறவர்களுக்கு வழக்கத்துக்காக ஆக்ஸிஜன் கொடுப்பதால் உயிரிழப்பு குறையவில்லை என்று ஸ்வீடனில் நடந்த பெரிய ஆய்வு 2017-லேயே காட்டிவிட்டது. அதுவும் எனக்குத் தெரியாதது இல்லை.

இந்த இரண்டு சம்பவத்தையும் நான் மறக்கவே மாட்டேன். புதியதைக் கற்றுக்கொள்வதைவிடப் பழையதைக் கையிலிருந்து இறக்கி வைப்பதுதான் கஷ்டம். தப்பு நடக்கிற அந்த நொடியில் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால்தான் அது இறங்கும். அதனால் எந்த மறுபயிற்சியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் ஒரே ஒரு கேள்வியைக் கேள்: நான் நோயாளியைப் பார்க்கும்போது என்னைப் பார்த்துக்கொண்டிருக்க அங்கே யாராவது இருப்பார்களா? இல்லை என்றால் அந்தப் பயிற்சிக்கு என்ன பெயர் இருந்தாலும் அதை மட்டும் நம்பி இறங்காதே.

நீ அனுப்பியிருந்த இரண்டு விளம்பரங்களையும் பார்த்தேன். ஒன்று முழுக்க ஆன்லைன். படிப்பை ஒழுங்குபடுத்திக்கொள்ள நல்லதுதான், சேர். இன்னொன்றில் 'அப்சர்வர்ஷிப்' என்று போட்டிருக்கிறது. இதில் கவனமாக இரு. அப்சர்வர் என்றால் ரவுண்ட்ஸில் பின்னால் நின்று பார்க்கலாம், நோயாளியைத் தொட முடியாது, மருந்து எழுத முடியாது. வார்டின் ஓட்டம் பழக இரண்டு மூன்று வாரம் போதும். அதற்கு மேல் ஒரு வருடம் நின்றாலும் கை பழகாது. உனக்கு வேண்டியது மேற்பார்வையில் வேலை பார்ப்பது. முதலில் எல்லாவற்றையும் சீனியர் கூடவே இருந்து பார்ப்பார், அப்புறம் நீ பார்த்து முடித்த ஒவ்வொரு கேஸையும் அன்றைக்கே உட்கார்ந்து பேசுவார், அப்புறம் சந்தேகம் வந்தால் மட்டும் கூப்பிடுவாய். இப்படிக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற இடம் கிடைத்தால் சம்பளம் குறைவாக இருந்தாலும் போய்விடு. நான் முதலில் போன ஒரு மருத்துவமனையில் முதல் வாரமே இரவு டியூட்டியில் தனியாக நிற்கச் சொன்னார்கள். "நீங்கள்தான் அனுபவம் உள்ளவர் ஆயிற்றே" என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். நல்லவேளை.

ஒவ்வொரு நாடும் இதை எப்படிக் கையாள்கிறது என்று தேடிப் படித்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் மருத்துவ வாரியம் எழுதி வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் கணக்கு தெளிவாக இருக்கிறது. இரண்டு வருடமாவது மருத்துவம் பார்த்த அனுபவம் உள்ள டாக்டர் ஒரு வருடம் வரை விட்டிருந்தால் தனியாக எதுவும் தேவையில்லை. ஒரு வருடத்துக்கு மேல் மூன்று வருடத்துக்குள் என்றால், ஒரு வருடத்துக்குச் செய்திருக்க வேண்டிய தொடர்கல்வியையாவது முடித்துவிட்டு வர வேண்டும். மூன்று வருடம் தாண்டிவிட்டால், எப்படித் திரும்பப் போகிறேன் என்று ஒரு திட்டம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். பிரிட்டனில் இரண்டு வருடத்துக்கு மேல் விட்ட குடும்ப மருத்துவர்களுக்கென்றே திரும்பும் திட்டம் ஒன்று இருக்கிறது. முதலில் மதிப்பீடு, அப்புறம் ஒரு கிளினிக்கில் மேற்பார்வையில் வேலை. அங்கே மூன்று மாதம் விட்டாலே திறமையில் தேய்மானம் வரலாம் என்று எடுத்துக்கொண்டு வழிகாட்டி எழுதியிருக்கிறார்கள். மூன்று மாதம் என்றால் ஒரு பிரசவ விடுப்புகூட அதைவிட நீளம். ஆக இடைவெளி என்பது ஏதோ குற்றம் செய்தவர்களுக்கு மட்டும் வருகிற விஷயம் இல்லை.

அமெரிக்காவில் டென்வரிலும் சான் டியாகோவிலும் இதற்கென்றே மதிப்பீட்டு மையங்கள் இருக்கின்றன. டாக்டரை உட்கார வைத்து கேஸ்களைக் கொடுத்து, எது இன்னும் பத்திரமாக இருக்கிறது, எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். அதற்கேற்ற மாதிரிதான் பயிற்சி. இந்த வரிசை சரியானது என்று எனக்குத் தோன்றுகிறது. உனக்கு அப்படி ஒரு மையம் கிடைக்காவிட்டாலும் நீயே ஒன்று செய்யலாம். விடுவதற்கு முந்தைய வருடம் உன்னிடம் அதிகம் வந்த இருபது வகை நோய்களை எழுது. ஒவ்வொன்றுக்கும் இன்றைக்கு ஒரு நோயாளி வந்தால் என்ன எழுதுவாய் என்று புத்தகத்தைத் திறக்காமல் எழுது. அப்புறம் இப்போதைய வழிகாட்டியோடு ஒப்பிட்டுப் பார். எங்கே படிக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இரண்டு மூன்றை நானே சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்கு என்று நமக்குத் தெரிந்த எஸ்.ஜி.எல்.டி.2 மாத்திரைகள் இப்போது சர்க்கரையே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் போகின்றன. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஊசியும் மாத்திரையுமாக இழுத்தது ஞாபகம் இருக்கும். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் தகுந்த நோயாளிகளுக்கு ஆறே மாதத்தில், மாத்திரையிலேயே முடிகிற சிகிச்சையைப் பரிந்துரைத்துவிட்டது. இதையெல்லாம் படிக்கும்போது எனக்குப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம் வந்தது. உனக்கும் வரும்.

இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கிற சிபிஆர் பயிற்சியை மட்டும் தள்ளிப்போடாதே. திரும்புவதற்கு ஒரு மாதம் முன்னால் போ, அதற்கு முன்பே போய்ப் பயன் இல்லை, சில மாதத்திலேயே கை மறந்துவிடும். நான் பயிற்சிக்குப் போனபோது பொம்மையின் நெஞ்சை அழுத்தினேன். சரியான ஆழத்துக்குப் போனால் 'டக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை. இன்னும் அழுத்தினேன், வரவில்லை. முழங்கையை மடக்காமல் உடம்பின் பாரத்தை அப்படியே கொடுத்த பிறகுதான் வந்தது. ஐந்திலிருந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. இந்த எண்களை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். இரண்டு நிமிடம் விடாமல் அழுத்தியதும் தோள்பட்டை எப்படி எரிகிறது என்பது அங்கே போனால்தான் தெரியும்.

ஜூனியர்கள் சிரிப்பார்களோ என்று எழுதியிருந்தாய். யாரும் சிரிக்கவில்லை. உண்மையில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்களும் நர்ஸ்களும் மருந்தாளுநரும்தான். கம்ப்யூட்டரில் மருந்து எழுதுவதை முதல் வருடப் பயிற்சி டாக்டர் (ரெஸிடென்ட்) ஒருவன் தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். இன்னொன்றும் சொல்கிறேன். 2005-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, டாக்டர்களின் அனுபவத்தையும் சிகிச்சைத் தரத்தையும் ஒப்பிட்ட 62 மதிப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்தது. வருடம் கூடக் கூடத் தரம் குறைகிறது என்றுதான் அதில் பாதிக்குச் சற்று மேல் காட்டின. இடைவெளியே விடாதவர்களும் பின்தங்கிப் போகிறார்கள். உனக்கும் அவர்களுக்கும் ஒரே வித்தியாசம், நீ பின்தங்கியிருப்பது உனக்குத் தெரியும்.

பேசாமல் மருத்துவ எழுத்து, இன்ஷூரன்ஸ் ஃபைல் பார்ப்பது என்று போய்விடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். மனசு அங்கே போனால் போ, நல்ல வேலைதான். பயத்தால் போகாதே. உன்னை ஒரு வார்டில் பார்த்தவள் நான்.

அப்புறம் அந்த ஆறு வருடத்தை ஏதோ வெற்றுக் காலம் மாதிரி விண்ணப்பத்தில் எழுதாதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அப்பாவைப் புரட்டிப் போட்டாய், புண் வராமல் பார்த்துக்கொண்டாய். மூக்குக் குழாய் வழியாக மாத்திரையைப் பொடி பண்ணிக் கொடுத்தாய், எதைப் பொடி பண்ணக் கூடாது என்று நீயே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாய். டிஸ்சார்ஜ் தாளில் நாம் ஒரே வரியில் எழுதிவிடுகிற விஷயம் ஒரு வீட்டில் எத்தனை வேலை என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். இடைவெளி எதற்கு என்று கேட்டால் "தந்தையைக் கவனித்துக்கொண்டேன்" என்று நேராகச் சொல், மழுப்பாதே.

நீ செய்ய வேண்டிய வேலைகளில் முதலாவது மருத்துவ கவுன்சில் பதிவு. காலாவதி ஆகியிருந்தால் மற்ற எதுவும் நகராது, மேற்பார்வையில்கூட யாரும் சேர்க்க மாட்டார்கள். எத்தனை வருடம் விட்டால் என்ன கேட்பார்கள் என்று மருத்துவ கவுன்சிலுக்கு எழுதியே கேள், பதிலையும் எழுத்திலேயே வாங்கு. போனில் ஒருவர் சொன்னதை நம்பி எனக்கு இரண்டு மாதம் வீணானது. தொழில் பாதுகாப்புக் காப்பீட்டில் இடைவெளியை மறைக்காமல் சொல். முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு போட்டு, பார்த்த கேஸ், செய்த வேலை, மேற்பார்வையாளர் கையெழுத்து எல்லாம் எழுது. நோயாளியின் பெயர் மட்டும் வேண்டாம்.

என்னுடைய அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். மெட்ஃபார்மின் பக்கத்தில் சீனியர் பச்சை மையில் வட்டம் போட்டிருக்கிறார். வரும்போது எடுத்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணுகிறேன், அதற்குள் பீரோவில் பதிவுச் சான்றிதழைத் தேடி எடுத்து, கடைசியாகப் புதுப்பித்த தேதியைப் பார்த்து வை.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் அறைத் தோழி