சீனி வருத்தமும் மெலிவும் சேர்ந்து வந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

புற்றுநோயை முற்கூட்டியே கண்டறிவது பற்றித் தங்கள் சுகாதாரப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரை பயனுள்ளது. ஆயினும் மார்பகம், கருப்பைக் கழுத்து, வாய் ஆகியவற்றோடு அது நின்றுவிட்டது. சதையியில், அதாவது கணையத்தில், வரும் புற்றுநோயைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லாததால் இதனை எழுதுகிறேன்.

எனது மூத்த அண்ணனுக்கு 61 வயதில் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பதாகச் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் வேறெவருக்கும் அது இருந்ததில்லை. அவருடைய கிளினிக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது; ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, 68, 64, 59 என்று நிறை பதியப்பட்டிருக்கிறது. சோற்றைக் குறைத்ததால் மெலிகிறார் என்றே அங்கிருந்தவர்களும் நினைத்தார்கள், நாங்களும் நினைத்தோம். அவரோ பசியில்லை, முதுகு உளைகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு கண் மஞ்சளித்தது. செங்கமாரி என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்து, பத்தியம் பார்த்து, மூன்று கிழமைகளை வீட்டிலேயே போக்கிவிட்டோம். இரவு முழுவதும் ஈர்க்குக் கட்டால் உடம்பைச் சொறிந்துகொண்டிருப்பார். மலம் சுண்ணாம்புபோல் வெளிறியிருந்தது. பித்தக் குழாய் அடைபட்டால் அப்படித்தான் இருக்கும் என்பதை மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போன பின்னரே அறிந்தோம். அதற்குள் சதையியில் இருந்த கட்டி ஈரலுக்கும் பரவியிருந்தது.

இரைப்பைக்குப் பின்னால், முள்ளந்தண்டுக்கு முன்னே சதையி மறைந்து கிடப்பதால் வைத்தியரின் கைக்கு அது தட்டுப்படாது. சாதாரண வயிற்று ஸ்கானிலும் குடலில் உள்ள காற்று பல வேளைகளில் அதனை மறைத்துவிடும். நோய் கண்டறியப்படும்போது 100 பேரில் 15 முதல் 20 பேருக்கே சத்திரசிகிச்சை செய்யக்கூடிய நிலை இருக்கிறது. இதற்காக எல்லோரும் இரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சி.ஏ. 19-9 என்னும் பரிசோதனை ஆரம்ப நிலையில் ஒன்றும் காட்டாமலும் போகலாம், பித்தக்கல் அடைத்திருந்தாலும் கூடிக் காட்டலாம் என்பதால், அறிகுறி இல்லாதவர்களுக்கு அதனைச் செய்து பயனில்லை.

ஆனால், 50 வயதைக் கடந்தபின் புதிதாகச் சீனி வருத்தம் காண்பவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் இப்புற்றுநோய் கண்டறியப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. நூற்றில் ஒன்றுதான், யாரும் பயப்படத் தேவையில்லை. என்றாலும் அவர்களுள் முயற்சி எதுவுமின்றி நிறை குறைந்துகொண்டு போகிறவரையும், அண்ணனைப்போல் நீண்டகாலம் புகைத்தவரையும் தனியே கவனித்து, சீ.ரீ. ஸ்கானுக்கு அனுப்புவதா என்று வைத்தியர் யோசிக்கலாம் அல்லவா? மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கிளினிக்குகளில் நிறையை எப்படியும் எழுதுகிறார்கள். எழுதும்போது முந்திய இரண்டு பதிவுகளையும் ஒருமுறை பார்க்குமாறு சுகாதார அதிகாரிகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். வலியில்லாமல் வரும் செங்கமாரிக்கு வீட்டு மருந்தோடு காத்திருக்கலாகாது என்பதைப் பற்றியும் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் கட்டுரையைப் பிரசுரித்தால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
களுவாஞ்சிக்குடி.